இறங்கிக்கொண்டே போன கதிரை

மழை விட்ட காலையில் எங்கள் மஹய்யாவ மலைப் படிகளில் இறங்குவதும் தூக்கத்தில் நடப்பதும் எனக்கு ஒன்றுதான். கால்களுக்கு வழி தெரியும், கண்ணுக்கு வேலை இல்லை. எதிர் மலையில் மூடுபனி பாதி தூரம் ஏறி, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கும். அன்றும் அப்படித்தான் நின்றது. என் வலது கையில் குடை, இடது கையில் சோற்றுப் பெட்டி. இரண்டாவது வளைவில் பாசி பிடித்த ஒரு படி இருக்கிறது. முப்பது வருடமாக அதைத் தாண்டித்தான் கால் வைப்பேன். அன்று அதன் மேலேயே வைத்தேன்.

விழுந்தது சரியாக ஞாபகமில்லை. குடை போனதுதான் ஞாபகம். கையை விட்டுக் கிளம்பி, அவசரமே இல்லாமல் படிகளுக்கு மேலே மிதந்து போய், கீழே குழாயடியில் விரிந்தபடியே உட்கார்ந்துகொண்டது. நான் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. சோற்றுப் பெட்டியை இடது கை விடவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் வலது உள்ளங்கை வாங்கித் தோளிடம் கொடுத்துவிட்டது. தோளுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் காது கேட்டதா, எலும்பு கேட்டதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்கா அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

"கொடைக்கி ஒன்னும் ஆகலங்க. ஆளு எப்புடி?"

நான் கண்டி டவுனில் முடி வெட்டுகிறவன். கடைவீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் எங்கள் சலூன். இரண்டு கதிரை. கண்ணாடிக்கு இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் என் பங்காளியுடையது. பங்காளி என்றால் கடைப் பங்காளி. என்னைவிட நாலு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தைக் கடைக்கு வரும் பேப்பரிலும் வாடிக்கையாளர் வாயிலும் படித்துக்கொண்டேன். கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டால் மனிதர்கள் நல்ல நல்ல வார்த்தைகளைச் சொல்வார்கள். பிடித்ததை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி மேசை லாச்சியில் போட்டு வைப்பேன். லாச்சி இப்போது மூட மறுக்கிறது.

முடி வெட்டுவது விரல் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, அது தோள் வேலை. காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை கை தோளுக்கு மேலேயே மிதந்துகொண்டிருக்க வேண்டும். கத்தரிக்கோல் ஒரே சீராகச் சத்தம் போடும்போது ஒருவித மயக்கம் வரும். கதிரையில் இருப்பவர் தூங்குவார், நானும் பாதி தூங்குவேன், கை மட்டும் விழித்திருக்கும். அந்தக் கைதான் இப்போது என்னோடு வராமல் பக்கத்தில் தொங்கியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது நாற்பதுக்குள் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு முறியேல்லை ஐயா" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பாதி வலி போய்விட்டது. அவர் விடவில்லை.

"கையைப் பக்கவாட்டில உயர்த்துங்கோ பாப்பம்."

உயர்த்தினேன். வயிற்றளவு வந்ததும் வலி கண்ணில் பொறி தட்டியது.

"இப்ப நோவாலதான் எழும்பேல்லையோ, உள்ளுக்க தசைநார் அறுந்ததால எழும்பேல்லையோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. ரெண்டும் வெளியில ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆறு கிழமை பயிற்சி செய்யுங்கோ. நோ குறையக் குறையக் கையும் தானா எழும்பவேணும். நோ மட்டும் குறைஞ்சு கை எழும்பாட்டி, ஒப்பரேசனைப் பற்றிக் கதைக்கவேணும். விளங்கிச்சோ?"

"வெளங்குச்சிங்க" என்றேன். விளங்கவில்லை. எலும்பு முறியவில்லை என்ற சொல்லை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு ஊரே எனக்கு வைத்தியம் சொன்னது. தோள் வலி என்றால் கருத்துச் சொல்லாத மனிதர் கண்டியில் இல்லை. ஒருவர் சுடுதண்ணீர் என்றார், ஒருவர் ஐஸ் என்றார், ஒருவர் இரண்டையும் சொல்லி எனக்கு எது ஒத்துவருகிறது என்று அடுத்த வாரம் வந்து கேட்டார். கலகெதரப் பக்கம் எலும்பு முறிவுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுகிற சிங்கள வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று என் மனைவி என்னைப் பஸ்ஸில் ஏற்றினாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே மகாவலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மழை போலிருக்கிறது, பழுப்பாக, சோம்பலாகப் போனது ஆறு. எனக்கு நாம் நிற்கிறோமா, ஆறு நிற்கிறதா என்று குழம்பிவிட்டது. வலிக்கான மாத்திரை அப்படிச் செய்யும்.

அந்த வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தடவிப் பார்த்தார். உள்ளே யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். எண்ணெய் ஒரு போத்தல் கொடுத்துச் சிங்களத்தில் சொன்னார்: "வலியை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். கையைத் தூக்கிவிடுவது எண்ணெயின் வேலை இல்லை. அதை டாக்டரிடம் காட்டு."

நல்ல வார்த்தை. வீட்டுக்கு வந்ததும் தாளில் எழுதி வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலியை எண்ணெய் பார்த்துக்கொள்ளும் என்ற முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறேன். தாளில் இடம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்த சிங்களப் பெண் சுவரைக் காட்டினார். சுவரில் விரல்களை வைத்து எறும்பு போகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் பத்து எண்ணிக்கை நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டு முன்னறையில் நீலச் சுவர். காலையில் தேத்தண்ணி ஆறுகிற நேரம் நான் எறும்பாவேன். மனைவி பென்சிலோடு பக்கத்தில் நிற்பாள். எட்டின இடத்தில் ஒரு கோடு. வாரத்துக்கு ஒரு கோடு. எங்கள் மகள் வளர்ந்த காலத்தில் உயரம் பார்த்துக் கோடு போட்ட அதே சுவர். அந்தப் பழைய கோடுகளைக் கை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது. ஐந்து வயசு, ஏழு வயசு, பத்து வயசு.

"இந்த மாசத்துக்குள்ள வயசுக்கு வந்துரும் ஒங்க கை" என்றாள்.

மூன்றாவது வாரம் கடைக்குப் போகத் தொடங்கினேன். வலி உண்மையிலேயே குறைந்திருந்தது. மழை நாளில் மட்டும் தோளுக்குள் யாரோ கதவைத் தட்டுவார்கள். கண்டியில் மழை நாள் எத்தனை என்று கேட்காதீர்கள். பங்காளி என் கதிரையைத் துடைத்து வைத்திருந்தார். கழுத்தில் துணியைக் கட்டி, ஸ்ப்ரே போத்தலில் தண்ணீர் தெளித்து, கத்தரிக்கோலை எடுத்ததும் எல்லாம் பழைய மாதிரி ஆனது. ரேடியோ மெல்லப் பாடியது. முடி உதிர்ந்தது. கை வேலை செய்தது.

சலூன் கதிரைக்கு அடியில் ஒரு மிதி உண்டு. அதை அழுத்தினால் எண்ணெய் ஏறி ஆசனம் உயரும், ஒரேயடியாக அமுக்கிப் பிடித்தால் இறங்கும். ஆள் உட்கார்ந்ததும் அவர் பிடரியைப் பார்த்து இரண்டோ நாலோ மிதி கொடுப்பேன். அது நான் செய்வதில்லை, என் கால் செய்வது. கணக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது, உங்களுக்குக் கண் சிமிட்டுவது எப்படியோ அப்படி. அதனால்தான் என் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்கே தெரியாமல் போனது.

இதற்கிடையில் சிமெந்துத் தரை குளிர்கிறது என்று கதிரைக்குப் பின்னால் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டேன். சாக்கு ஈரமானது. ஒரு பலகை போட்டேன். தரை அந்த வருடம் மட்டும் ஏன் அவ்வளவு குளிர்ந்தது என்று நான் யோசிக்கவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "வலி எப்புடிங்க?" "முக்காவாசி போயிருச்சுங்க." யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. நம் ஊரில் அப்படித்தான், வலி எப்படி என்றுதான் கேட்போம். கை எப்படி என்று கேட்பதில்லை. டாக்டரம்மா சொன்ன ஆறாவது வாரம் நெருங்கியது. கிளினிக்கில் என்ன சொல்லப் போகிறேன் என்பதைப் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நல்லாயிருச்சும்மா. ஒப்பரேசன் வேணாம்மா. அந்த டாக்டரம்மா சிரிப்பதுகூடத் தெரிந்தது.

கிளினிக் திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நானா வந்தார். ஜும்மாவுக்கு முன் தாடியைச் சரிபண்ணி, முடியும் வெட்டிக்கொண்டு போவது அவர் வழக்கம். அவர் என்னை அண்ணன் என்பார், நான் அவரை நானா என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்பது இருபது வருடமாக முடிவாகவில்லை. உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற மனிதர் அவர். அன்று தூங்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இப்படி அசைத்தார், அப்படி அசைத்தார்.

"என்ன அண்ணன், கண்ணாடிய மேல தூக்கி அடிச்சிட்டீங்களா?"

"இல்லியே நானா. அது அதே ஆணியிலதான் கெடக்கு."

"முந்தி இதுல பாத்தா என்ட சட்டயில நாலாவது பொத்தான் வரைக்கும் தெரியும். துணி கட்ட முந்தி நான் எப்பவும் பாக்கிற. வயிறு கொறஞ்சீக்கா எண்டு பாக்கத்தான். இப்ப கழுத்தோட முடியிது. வயிறு கொறஞ்சா கூட எனக்குத் தெரியப் போறல்ல."

பக்கத்துக் கதிரையில் வெட்டிக்கொண்டிருந்த பங்காளியின் கத்தரிக்கோல் நின்றது. அந்தச் சத்தம் நின்றதுதான் எனக்கு முதலில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சீப்பிலிருந்த முடியை ஊதினார்.

நான் குனிந்து கதிரையின் கீழே பார்த்தேன். ஆசனத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே பளபளவென்று ஒரு சாண் இரும்புத் தண்டு தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆசனம் அடியோடு அடியாக உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் இறக்க இடமில்லை. அதுவும் போதாமல் நான் பலகையில் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

"வெட்டுங்க அண்ணன், பள்ளிக்கு நேரமாகுது" என்றார் நானா. வெட்டினேன். அவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் முழிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே போய்விட்டேன். சந்தில் பனி இறங்கிப் படுத்திருந்தது. விளக்கைப் போடவில்லை. கதவு வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் இரண்டு கதிரைகளும் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தன. பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். வெறும் கதிரைக்கு மிதி கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதல் தடவையாக எண்ணி மிதித்தேன். ஆசனம் மெல்ல எழுந்து வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து ஆள் எழுகிற மாதிரி. கடையில் இல்லாத ஒரு தலையை அதன் மேல் நினைத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தூக்கினேன்.

கை நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வலித்தால் அதன்மேல் பழி போடலாம். இது வலிக்காமலே நின்றது. இன்னும் தூக்கு என்று சொன்னேன். கை எழவில்லை, அதற்குப் பதிலாகத் தோள் காதுவரை எழுந்தது. கண்ணாடியில் ஒரு மனிதர் யாருக்கோ "எனக்குத் தெரியாது" என்று தோளைக் குலுக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் கோடு ஏறியது, கடையில் கதிரை இறங்கியது. சுவர் பிடித்துக்கொண்டதால்தான் வீட்டில் கை ஏறியிருக்கிறது. சுவரை விட்டால் விழுந்திருக்கும். விட்டுப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கை மேலே போகிறது என்று நான் நம்பிய நாட்களில் உலகத்தை ஒவ்வொரு மிதியாகக் குறைத்துக் கீழே இறக்கியிருக்கிறேன். என் கண்ணுக்கு முன்னாலேயே, என் காலாலேயே.

பங்காளி வந்து வாசலில் நின்றது தெரியாது.

"தெரிஞ்சிருச்சாண்ணே" என்றார்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"வந்த ரெண்டாவது கெழமையே. ஒசரமான ஆளுங்கள நான்தானே கூப்புட்டு என் கதிரையில ஒக்கார வச்சேன். பாக்கலியா நீங்க?"

"சொல்லியிருக்கலாம்ல."

அவர் துடைப்பத்தை எடுத்து, கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாத தரையைக் கூட்டினார். "நல்லாயிருச்சு நல்லாயிருச்சுன்னு அவ்வளவு சந்தோசமா சொல்லிக்கிட்டு இருந்தீங்கண்ணே. எப்புடிச் சொல்றது?"

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லவில்லை. கதிரைக் கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நாலாவது பொத்தான் வந்த இடத்தில் சிரித்தேவிட்டார். பிறகு என் கையைத் தானே பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். வலிக்காமல் போனது.

"இப்ப நான் விடப்போறன். அப்பிடியே வைச்சிருங்கோ."

விட்டார். கை விழுந்தது. மேசைமேல் இருந்த ஒரு பொருள் விழுகிற மாதிரி, என்னைக் கேட்காமல் விழுந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

அதன்பிறகு ஸ்கேன். இருட்டறையில் தோளில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை மெல்ல மெல்ல நகர்த்தினார்கள். திரையில் சாம்பலும் வெள்ளையுமாக அலை அலையாக ஏதோ ஓடியது. மழையில் மலை தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் அந்த வெள்ளை நின்று போய், கொஞ்ச தூரம் கறுப்பு, பிறகு மறுபடி வெள்ளை. கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. துணி கிழிந்த சத்தம் வந்த இடம் அதுதான்.

"தோளை மேலயிருந்து பிடிச்சுத் தூக்கிற தசைநார் எலும்பை விட்டுக் கழண்டு நிக்குது" என்றார் டாக்டரம்மா. "தானா ஒட்டாது. விட்டால் இன்னும் உள்ளுக்க சுருங்கிப் போகும், பிறகு இழுத்துத் தைச்சாலும் நிக்காது. தைச்சால் ஆறு கிழமை கையைக் கட்டி வைச்சிருக்கவேணும். கத்தரிக்கோல் பிடிக்க அஞ்சாறு மாசம் செல்லும். முழுக்க வரும் எண்டு நான் எழுதித் தரமாட்டன்."

"வெட்டலன்னா?"

"ஓம், அப்பிடியும் இருக்கலாம். எத்தினையோ பேர் இருக்கினம். சாப்பிடலாம், சட்டை போடலாம், நோவும் குறைஞ்சிட்டுது. நோவுக்காக வெட்டவேண்டிய தேவை இல்லை ஐயா. தோளுக்கு மேல கை வேணுமோ எண்டதுதான் கேள்வி. அதை நீங்கள்தான் சொல்லவேணும். இண்டைக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனா கனநாள் எடுக்காதேங்கோ."

வெளியே வந்து நேராக வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வாவிக் கரையில் நடந்தேன். வெயிலுமில்லாத மழையுமில்லாத ஒரு மதியம், தண்ணீர் அசையாமல் கிடந்தது. தோளுக்கு மேல் கை வேண்டுமா? சும்மா ஒரு கேள்வி மாதிரித்தான் இருந்தது. பிறகு பார்க்கத் தொடங்கினேன். ஒரு பெண் கிளையை வளைத்து அரளிப்பூ பறித்தாள். பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு வரிசை மனிதர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் வேன் கண்ணாடியைத் துடைத்தான். ஒரு தகப்பன் மகளைத் தூக்கித் தோளில் வைத்தான். பாடசாலைப் பிள்ளைகள் யாருக்கோ கையசைத்தார்கள். கரையோர மரத்தில் நீர்க்காகங்கள்கூட இரண்டு சிறகையும் உயர விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. உலகத்தில் பாதி தோளுக்கு மேலேதான் நடக்கிறது. ஐம்பத்து மூன்று வருடம் அதற்குள்ளேயே இருந்துவிட்டு அன்றுதான் கவனித்தேன். அந்தப் பாதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல, கிட்டத்தில், எட்டாமல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகளும் மேலே. நான் ஈரத்துணியை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அது கீழே செய்கிற வேலை, முடிந்தது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். தூங்க வைத்துவிட்டுத்தான் வெட்டுவார்களாம். தூங்கின பிறகு என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

அவள் என் சட்டை ஒன்றைத் தோள் பிடித்து உதறி, கொடியில் போட்டாள்.

"முப்பது வருசமா ஊராங்க கழுத்துல கத்தி வைக்கிறீங்க. பாதிப்பேரு தூங்குறாங்க. ஒருத்தராச்சும் பயந்து எந்திரிச்சு ஓடுனாங்களா?"

"இல்ல."

"ஏன் ஓடல?"

அவள் அடுத்த துணிக்குக் கை நீட்டினாள். "செஞ்சிருவோங்க. கடையத் தம்பி பாத்துக்கிறும். நீங்க பலகையில ஏறி நின்னு வெட்டுறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

பலகையைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பங்காளியைத்தான் அவள் தம்பி என்பாள், அவரைத் தவிர வேறு யார்?

ஒப்பரேசன் அன்று காலை முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். மிதி கொடுக்கிற மாதிரி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கட்டில் உயர்கிறது என்று நினைத்தேன். நாலாவது எண் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.

பிறகு ஆறு கிழமை கை என் வயிற்றின் மேல் துணிப்பட்டிக்குள் தூங்கியது. முன்னறையில் சாய்ந்து உட்கார்ந்து, வாசலில் பனி வருவதையும் போவதையும் பார்த்தேன். வேறு வேலை இல்லை. சுவரில் ஏறின கோடுகளைப் பார்க்கும்போது கோபம் வரவில்லை. பாவம், அவை பொய் சொல்லவில்லை, நாங்கள் பாதியைத்தான் கேட்டிருந்தோம். பட்டி கழன்ற பிறகு புதிதாகக் கோடு போட்டோம். இந்தத் தடவை ஒரு மாற்றம். கை எட்டின இடத்தில் மனைவி "விடுங்க" என்பாள். சுவரை விட்டு விரல்களை எடுத்து, காற்றில் கை நிற்கிற இடத்தில்தான் கோடு. முதல் கோடு என் மகளின் ஐந்து வயசுக் கோட்டுக்கும் கீழே விழுந்தது. அது ஏறியதை நான் சொல்லப் போவதில்லை. கிழமைக்கு ஒரு விரல் அகலம், சில கிழமை அதுவும் இல்லை.

ஒப்பரேசனுக்குப் பிறகு ஏழாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மழை ஓய்ந்திருந்தது. படிகளில் அந்தப் பாசிப் படியை மெனக்கெட்டுத் தாண்டி, கடைக்குப் போனேன். நானா வந்தார். பங்காளியின் கதிரை காலியாகத்தான் இருந்தது, இருந்தும் என் கதிரையில் உட்கார்ந்தார். நான் மிதிமேல் காலை வைத்தேன்.

"எறக்கியே வைங்கண்ணே, மொத ஆளு" என்றார் பங்காளி.

"இல்ல" என்றேன்.

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தோளைக் கேட்டேன், தோள் யோசித்தது. அங்கேயே நிறுத்தினேன். நாலாவதைக் கேட்கவில்லை.

நானா கண்ணாடியில் தன்னைத்தானே தலையிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார். நிதானமாக, சட்டைத் துணியை நீவிவிட்டு, எண்ணினார்.

"மூணாவது பொத்தான் வரைக்கும் தெரியிது அண்ணன்."

"அவ்வளவுதான் நானா இன்னைக்கி."

"போதும். நாலாவதுலதான் வயிறு ஈக்கி. அத நான் பாக்காம ஈக்கிறதே நல்லம்."

துணியைக் கட்டினேன். கத்தரிக்கோல் பேசத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் அவர் தூங்கிவிட்டார். பக்கத்தில் பங்காளியின் கத்தரிக்கோல் என்னுடையதோடு சேர்ந்து கொஞ்ச நேரம் ஒன்றாக ஒலித்து, பிறகு தன் வழியில் போனது. கை அவர் தலைக்கு மேலே மிதந்தது. உச்சிக்குப் போனபோது தோளுக்குள் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். கையை இறக்கி, கொஞ்சம் நின்று, மறுபடி தூக்கினேன். வந்தது. நானா எழுந்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, வெட்டிக்கொண்டே இருந்தேன்.